வில்தகட்டுக் கத்தி ஒரு மணிநேரத்தில் மடங்கிவிட்டது: எங்கே பிழை விட்டேன்?

உவர்மலையான் (திருகோணமலை) · ஜூன் 7, இரவு 9.40

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ற கத்தி இது. பழைய இரும்புக் கடையில் லொறி வில்தகடு ஒன்றை எடை போட்டு வாங்கினேன். 7 மில்லிமீற்றர் தடிப்பு. உலையும் சம்மட்டியும் என்னிடம் இல்லை. இருப்பது ஒரு கிரைண்டர், ஒரு வைஸ், இரண்டு அரம். ஆகவே தட்டி உருவாக்காமல், வேண்டாத இரும்பைச் சீவிக் கழித்து உருவம் எடுக்கும் வழியில் இறங்கினேன். காட்போட்டில் வெட்டிய உருவத்தைத் தகட்டில் ஒட்டி, அதைச் சுற்றி வெட்டி, பக்கங்களை 4 மில்லிமீற்றர்வரை இறக்கி, முதிரை மரத் துண்டில் பிடி போட்டேன். பெருமையடிக்கிறான் என்று நினைப்பீர்கள், கடையில் வாங்கியது போலவே இருந்தது.

சித்தப்பா மீன் சந்தையில் மீன் வெட்டுகிறார். அவரிடம் கொடுத்தேன். கையில் வாங்கியதும் கெட்டிக்காரன் என்றார். ஒரு மணிநேரம் கழித்து அறக்குளா ஒன்றின் நடுமுள்ளில் இறக்கியிருக்கிறார். வாய் ஓலைபோல ஒரு பக்கமாகச் சுருண்டுவிட்டது. பின்னேரம் பழைய பேப்பரில் சுற்றித் திருப்பித் தந்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் பரவாயில்லை.

வில்தகடு நல்ல உருக்கு என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? பதம் கெட்டுவிடும் என்று நெருப்புப் பக்கமே கொண்டுபோகவில்லை. நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துத்தான் சீவினேன். எங்கே பிழை விட்டேன்?

பழைய பிற்றர் · ஜூன் 7, இரவு 10.15

தம்பி, ஒரு கேள்விதான். மடங்கிய இடத்துக்குப் பக்கத்தில் புது அரம் ஒன்றைத் தள்ளிப் பாருங்கள். பிடிக்கிறதா, வழுக்குகிறதா?

உவர்மலையான் · ஜூன் 7, இரவு 10.31

பிடிக்கிறது ஐயா. நன்றாகவே பிடிக்கிறது. தூள் கொட்டுகிறது.

பழைய பிற்றர் · ஜூன் 7, இரவு 11.02

அப்படியானால் தேட வேண்டியதில்லை. நீங்கள் இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றியது வில்லுக்கு வைத்த பதம்.

லொறி வில் வளைந்து நிமிர வேண்டும், உடையக் கூடாது. அதற்காக அதைத் தொழிற்சாலையிலேயே இளக்கிவிடுகிறார்கள். கடினத்தை அளக்கும் ரொக்வெல் சி அளவையில் ஏறத்தாழ 40க்கும் 48க்கும் இடையில் நிற்கும். வேலைக்கத்தியின் வாய்க்கு 56 முதல் 60 வரை வேண்டும். நல்ல அரம் 60க்கு மேல். அதனால்தான் உங்கள் கத்தியைக் கடிக்கிறது. உருக்கில் குறையில்லை. வில்தகட்டில் பொதுவாக 0.6 வீதம் அளவில் கரி (காபன்) இருக்கும், கத்திக்குப் போதும். ஆனால் அந்தக் கரி வேலைசெய்ய வேண்டுமென்றால் மறுபடி சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்ச்சல் கொடுத்து, பிறகு மெல்லிய சூட்டில் பதமிறக்க வேண்டும், அதாவது உடையாதபடி கடினத்தைச் சற்றுத் தணிக்க வேண்டும். சீவிக் கழிக்கும் வழியில் உலை தேவையில்லை என்று யாரோ உங்களுக்குப் பாதிக் கதை சொல்லியிருக்கிறார்கள். சம்மட்டி தேவையில்லை, அவ்வளவுதான். நெருப்பு இல்லாமல் முடியாது.

பிடியைக் கழற்றிவிட்டுத் தகட்டை நல்லெண்ணெய் தடவித் துடைத்து, வெயிலில் சரித்துப் பிடித்து முழுவதும் பாருங்கள். பழைய வில்லில் வளைந்து நிமிர்ந்த களைப்பில் வெடிப்பு இருக்கலாம், தலைமயிர் அளவில். இருந்தால் அது கத்திக்கு ஆகாது, தோட்டத்தில் முளை அடிக்கலாம்.

உலைமூக்கு (தம்பலகாமம்) · ஜூன் 8, காலை 6.05

கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்த கதையாக இருக்கிறது. என் அப்பா நாற்பது வருடமாக வயற்காரருக்குத் தாக்கத்தியும் மண்வெட்டியும் அடித்துக் கொடுக்கிறார். எங்கள் பட்டறையில் இரும்பைச் சீவி எறிந்தால் அடி விழும். தட்டத் தட்டத்தான் இரும்பு நெருங்கும், வலுக்கும். 7 மில்லிமீற்றர் தகட்டில் பாதியைத் தூளாக்கிக் காற்றில் விட்டுவிட்டு மிச்சத்துக்குக் கத்தி என்று பெயர் வைத்தால் அது மடங்காமல் என்ன செய்யும்? ஒரு வெட்டுக்கத்திக்குப் போதுமான இரும்பை வீணாக்கியிருக்கிறீர்கள், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

பனிநாட்டான் (ரொறன்ரோ, பிறந்தது பாலையூற்று) · ஜூன் 8, காலை 9.20

உலைமூக்குத் தம்பி, உங்கள் வயிற்றெரிச்சலில் நியாயம் இருக்கிறது, காரணத்தில் இல்லை. "தட்டினால் நெருங்கும்" என்பது மண் உலையில் இரும்பு எடுத்த காலத்துப் பேச்சு. அந்த இரும்புக்குள் கசடு கிடக்கும்; தட்டித் தட்டித்தான் அதைப் பிதுக்கி வெளியேற்ற வேண்டும். இன்று வரும் உருக்கு ஆலையிலேயே உருளைகளுக்கிடையில் நசுங்கி வந்தது. நாம் அதற்கு மேல் நெருக்க ஒன்றுமில்லை. தட்டுவதால் கிடைப்பது இரும்புச் சிக்கனமும் நினைத்த உருவமும். அது பெரிய இலாபம்தான், மறுக்கவில்லை.

அமெரிக்காவில் ராபர்ட் லவ்லெஸ் (1929–2010) என்றொருவர் இருந்தார். கப்பலில் வேலைசெய்தவர். 1950களில், விரும்பிய கத்திக்கு மாதக்கணக்கில் காத்திருக்கச் சொன்னார்களாம்; பொறுமையில்லாமல் பழைய பக்கார்ட் கார் ஒன்றின் வில்தகட்டில் தானே ஒன்று செய்தார். அந்த முதற்கத்தியைக் கப்பல் சமையலறை அடுப்பில் காய்ச்சித் தட்டியே செய்தார். பிறகுதான் தட்டுவதை விட்டுச் சீவிக் கழிக்கும் முறைக்கு வந்து, அந்த முறைக்கே பெயர் வாங்கிக் கொடுத்தார். உவர்மலையானும் வில்தகட்டில்தான் தொடங்கியிருக்கிறார். துறைமுக ஊர்க்காரருக்கு இதில் ஏதோ பிடிப்பு இருக்கிறது போலும்.

கிண்ணியாக்காரன் · ஜூன் 8, பகல் 1.48

மீன் வெட்டுவதற்கு லொறி வில் எதற்கு? எங்கள் பக்கம் மரக்காலைக்குப் போய் மரம் அரிந்து தேய்ந்த பட்டைவாளைக் கேளுங்கள். நாலு விரல் அகலம், 1.2 மில்லிமீற்றர் தடிப்பு. சீவ வேண்டியதே பாதிக்கும் குறைவு. அகலமான மரக்காலை வாள்களில் பலவற்றில் கரி முக்கால் வீதமும் நிக்கல் 2 வீதமும் அளவில் இருக்கும்; ஒன்று முறியாது, இன்னொன்று கூர் நிற்கும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முன்னர் வாப்பா அந்த வாள் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு பாதையில் (ஆட்களை அக்கரை சேர்க்கும் மிதவையில்) ஏறினால் சனங்கள் விலகி இடம் விடுவார்களாம்.

ஒரு எச்சரிக்கை. ஒடுங்கிய புதுவகை வாள்களில் பல் மட்டும்தான் நல்ல உருக்கு, உடம்பு வேறு. அதில் கத்தி செய்தால் உவர்மலையான் கதைதான்.

கடலூர்க்காரி (திருக்கடலூர்) · ஜூன் 8, மாலை 5.30

செய்கிறவர்கள் எல்லோரும் எழுதியாகிவிட்டது, வெட்டுகிறவள் எழுதுகிறேன். நாங்கள் வீட்டில் கருவாடு போடுகிறோம். வருமானக் காலத்தில் ஒரு நாளைக்குச் சூரையும் கும்பளாவுமாக எத்தனை கிழிப்போம் என்று எண்ணுவதில்லை.

மீன் வெட்டத் தெரியாதவர் செய்த கத்தியை முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவேன். 4 மில்லிமீற்றர் முதுகு வைத்துக் கூர் எவ்வளவு தீட்டினாலும் அது ஆப்பு. மீனுக்குள் இறங்கும்போது சதையைத் தள்ளிப் பிளக்கும். துண்டின் முகம் நார் நாராக இருக்கும், வாங்குகிறவர் ஐஸ் மீன் என்று விலை குறைப்பார். எங்களுக்கு வாய்க்குப் பின்னால் மெலிவு வேண்டும். இரண்டாவது, நடுமுள்ளை மெல்லிய கத்தியால் கொத்துகிற ஆள் உங்கள் சித்தப்பா மட்டும்தான். அதற்கு வெட்டுக்கத்தி இருக்கிறது. அல்லது முள்ளின் பொருத்தில் நுனியை வைத்தால் தானாகக் கழன்றுவிடும்.

பிடிக்கு வார்னிஷ் பூசாதீர்கள். மீன் வழுவழுப்போடு சேர்ந்தால் கையில் நிற்காது. பிடிக்கும் இரும்புக்கும் இடையில் செதிள் புகும் இடைவெளி இருந்தால் மூன்றாம் நாள் கத்தியே நாறும்.

உவர்மலையான் · ஜூன் 8, இரவு 9.05

அக்கா, "அது ஆப்பு" என்ற இடத்தில் சிரித்துவிட்டேன், பிறகு கத்தியைப் பார்த்தேன், ஆப்புத்தான்.

சரி. வில்தகட்டை எறியப் போவதில்லை. இன்னும் சீவி 3 மில்லிமீற்றருக்குக் கொண்டுவந்து தோய்ச்சல் கொடுக்கிறேன். கிண்ணியா நானாவின் பட்டைவாளில் இன்னொன்று. இரண்டையும் ஒரே இரவில் நெருப்பில் இறக்கலாமா?

நிலாவெளி99 · ஜூன் 9, காலை 7.15

இடையில் வருகிறேன், மன்னியுங்கள். என்னிடம் "சீனன்குடா எண்ணெய்த் தாங்கித் தகடு" என்று சொல்லிப் பழைய இரும்புக் கடையில் விற்ற துண்டு இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய பிரிட்டிஷ் இரும்பு, 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோதும் நின்றது என்றார்கள். அது நல்ல கத்தியாகாதா? அதோடு, நம் கடற்காற்றுக்குத் துருப்பிடிக்காத உருக்குத்தானே சரி? வள்ளத்து இயந்திரத்தின் பழைய சுழற்றித் தண்டும் கிடக்கிறது.

பழைய பிற்றர் · ஜூன் 9, காலை 8.40

சரித்திரத்தால் இரும்பு கடினமாகாது மகன். தாங்கி கட்டுகிற தகடு வளைத்துப் பொருத்துவதற்கான மென்னுருக்கு. கரி மிகக் குறைவு. சிவக்கக் காய்ச்சி ஏழு கடல் தண்ணீரில் தோய்த்தாலும் அரம் பிடிக்கும். கடைக்காரர் சொன்ன கதை மெய்யோ பொய்யோ, கத்திக்கு அது ஆகாது. பூச்சாடி தாங்கி செய்யலாம்.

சுழற்றித் தண்டும் அப்படியே. துருப்பிடிக்காது, ஆனால் கடினமாகவும் ஆகாத இனம் அது. கத்திக்கென்று துருப்பிடிக்காத உருக்கு வேறு இருக்கிறது. அதற்கு 1,000 பாகை செல்சியசுக்கு மேல், அளவு பிசகாத மின் உலை வேண்டும். வீட்டுக் கரி அடுப்பில் அதைத் தொடவே வேண்டாம்.

வந்ததற்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். துறைமுகப் பட்டறையில் நாங்கள் கத்தி செய்தது எதில் தெரியுமா? இயந்திர வாளின் தேய்ந்த அலகில். முழுவதும் அதிவேக உருக்காக (வேகமாக வெட்டும் கருவிகளுக்கான உருக்காக) இருந்தால், 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள அந்த அலகைத் தோய்க்கவே தேவையில்லை. பிறந்ததிலிருந்தே கடினம். கிரைண்டரில் நீலம் பாய்ந்தாலும் கூர் போகாது. 500 பாகைவரை தாங்கும். அராவ முடியாது, சாதாரண டிரில் ஊசியால் துளைக்கவும் முடியாது, கிரைண்டரில் மட்டும்தான் உருவம் எடுக்கலாம். என் மேசையில் இருந்த ஒன்று சீமெந்துத் தரையில் விழுந்து மூன்று துண்டானது. பழம் வெட்டவும் கயிறு அறுக்கவும் அதைப் போல வேறில்லை. மீன் குற்றிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

உவர்மலையானுக்கு: ஒரே இரவில் செய்யலாம். ஆனால் அதற்கு முன் வாயை நோக்கி மெலியும் சாய்வை ஒழுங்காக எடுங்கள். முதற்கத்தியில் வாய் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்குமே?

உவர்மலையான் · ஜூன் 9, இரவு 8.50

ஒதுங்கித்தான் இருக்கிறது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

பழைய பிற்றர் · ஜூன் 9, இரவு 9.30

முதற்கத்தி எல்லோருக்கும் ஒதுங்கும். வலக்கை ஒரு பக்கத்தைக் கூடுதலாகத் தின்னும்.

தகட்டின் தடிப்பு 3 மில்லிமீற்றர் என்றால் 3 மில்லிமீற்றர் டிரில் ஊசி ஒன்றை எடுங்கள். தட்டையான கண்ணாடித் துண்டில் கத்தியைப் படுக்க வையுங்கள், ஊசியையும் பக்கத்தில் படுக்க வையுங்கள். ஊசியின் நுனி தடிப்பில் சரிபாதி உயரத்தில் நிற்கும். வாய்ப் பக்கத்துக்குக் கறுப்பு மை பூசிவிட்டு, நுனி படும்படி நீளத்துக்கு இழுங்கள். பிறகு கத்தியைப் புரட்டி மறுபடி ஒரு கோடு. இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் அதுதான் நடு. சற்று விலகி இரண்டாக விழுந்தால் இன்னும் நல்லது, அந்த இரண்டுக்கும் இடைப்பட்டதை விட்டுவிட்டு இரு பக்கமும் அராவி வாருங்கள். நெருப்புக்குப் போகும் முன் வாயில் ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக நிற்க வேண்டும். அதைவிட மெலிந்தால் எண்ணெயில் இறங்கும்போது அலையலையாக நெளியும்.

பருமனாகக் கழிக்கக் கிரைண்டர், சாய்வுக்கு அரம். அரத்தில் வெண்கட்டியைத் தேய்த்துவிட்டு அராவுங்கள், இரும்புத் தூள் பல்லிடுக்கில் அடைக்காது. அடைத்த தூள்தான் கத்தியில் ஆழக் கீறும். அந்த ஒரு கீறலை எடுக்க அரத்தாளோடு ஒரு மணிநேரம் போகும். கடைசியில் அரத்தைக் குறுக்காக இரு கையாலும் பிடித்துக் கத்தியின் நீளத்துக்கு இழுங்கள். பிடித் துளைகளையும் இப்போதே போட்டுவிடுங்கள், தோய்ச்சலுக்குப் பிறகு ஊசி ஏறாது.

வெட்டும் தட்டின் பக்கத்தால் ஒருநாளும் தேய்க்காதீர்கள். தட்டு வெடித்து ஒருவருக்குக் கன்னம் கிழிந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள்.

உலைமூக்கு · ஜூன் 10, காலை 6.20

அப்பாவிடம் இந்த இழையை வாசித்துக் காட்டினேன். டிரில் ஊசி விஷயத்தில் மட்டும் "ம்" என்றார். எங்கள் வீட்டில் அது பெரிய பாராட்டு.

காய்ச்சும் முன் ஒன்று செய்யச் சொல்கிறார். கழித்த துண்டு ஒன்றைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் போட்டு, துணியில் சுற்றிச் சுத்தியலால் உடைத்துப் பாருங்கள். உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் பட்டுப்போல நெருக்கமாக இருந்தால் சூடு சரி. சீனி கொட்டியது போல மினுங்கினால் சூடு கூடிவிட்டது, கத்தி அந்த இடத்தில் முறியும். உடையவே உடையாமல் வளைந்தால் சூடு காணாது, அல்லது உங்கள் தகடு உருக்கே இல்லை.

உவர்மலையான் · ஜூலை 5, இரவு 11.55

இன்று இரவு நடந்தது. கை இன்னும் எண்ணெய் நாற்றம்.

முற்றத்தில் செங்கல்லால் ஒரு சின்ன அடுப்பு, சிரட்டைக் கரி, துருத்திக்குப் பதிலாக மனைவியின் தலைமுடி உலர்த்தி. (அவருக்கு இன்னும் தெரியாது. இந்த இழையை வாசிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.) பகலில் கச்சான் காற்று பொறியை வேலிக்கு மேலாகக் கொண்டுபோனது. கிடுகு வேலி. ஆகவே காற்றுத் தணியும்வரை காத்திருந்து எட்டரைக்குத்தான் தொடங்கினேன். இருட்டில் நிறம் தெளிவாகத் தெரிந்தது, அது நல்லதாகப் போயிற்று.

சோதனைத் துண்டு முதலில் சீனி. இரண்டாவது பட்டு. அதற்குப் பிறகுதான் கத்திக்குத் துணிந்தேன். பழைய ஒலிபெருக்கிக் காந்தத்தைக் கம்பியில் கட்டி வைத்திருந்தேன். சிவப்பு ஏற ஏறத் தொட்டுப் பார்த்தேன். ஒட்டியது, ஒட்டியது, பிறகு ஒரு கணத்தில் யாரோ கையைத் தட்டிவிட்டது போல ஒட்டாமல் போயிற்று. அதற்குமேல் இன்னும் ஒரு சாயல் சிவப்பு ஏறவிட்டேன். ஆனால் முதலில் மூன்று தடவை அப்படிக் காய்ச்சிக் காற்றில் ஆறவிட்டேன், பனிநாட்டான் அண்ணா தனியாக எழுதிச் சொன்னபடி. உருக்கின் மணி (உள்ளே இருக்கும் நுண்பரல்) நெருங்குமாம்.

எண்ணெய் தேங்காய் எண்ணெய்தான், உயரமான பால்மாத் தகரத்தில், கை பொறுக்காத சூட்டில். நுனியை முதலில் நிமிர்த்தி இறக்கினேன். உஸ் என்று ஒரு தீ நாக்கு எழும்பியது, முழங்கைவரை சூடு. மூடி பக்கத்தில் இருந்ததால் பயமில்லை. தெரு முழுக்கப் பலகாரம் சுடும் வாசனை. பக்கத்து வீட்டு அம்மா மதிலுக்கு மேலால் எட்டி என்ன விசேஷம் என்று கேட்டார்.

வில்தகட்டில் அரம் வழுக்குகிறது. கண்ணாடியில் ஓடுவதுபோல ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காக ஆறு தடவை அராவிப் பார்த்தேன்.

பட்டைவாள்தான் துக்கம். வாழைப்பழம்போல வளைந்துவிட்டது. இப்போது நிமிர்த்தினால் முறியுமா?

பனிநாட்டான் · ஜூலை 6, காலை 1.10

தொடாதீர்கள்! இப்போது அது கண்ணாடி. இரண்டும் இன்றே பதமிறக்க வேண்டும், நாளைக்கு என்று வைக்காதீர்கள். நிமிர்த்துவதையும் அந்தச் சூட்டில்தான் செய்ய வேண்டும். வளைவுக்கு எதிர்ப்பக்கமாக, ஒரு தடித்த இரும்புச் சட்டத்தோடு சேர்த்து நடுவில் ஒரு நாணயக் குற்றியைச் சொருகி, இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டுங்கள். நேரைத் தாண்டி மிகச் சற்றே மறுபக்கம் வளைந்திருக்கட்டும். அப்படியே 200 பாகையில் இரண்டு மணிநேரம், ஆறவிட்டு இன்னொரு இரண்டு மணிநேரம்.

மெல்லிய தகடு நெருப்பை விட்டதும் கண்மூடித் திறப்பதற்குள் ஆறிவிடும். அடுத்த தடவை எண்ணெயை அடுப்புக்கு ஒட்டியே வையுங்கள், இறக்கும்போது பக்கவாட்டில் ஆட்டாதீர்கள். வீட்டில் போறணை இருக்கிறதா?

உவர்மலையான் · ஜூலை 6, காலை 1.25

வீட்டில் இல்லை. ஆனால் வேறொரு வழி தோன்றுகிறது.

உவர்மலையான் · ஜூலை 6, மாலை 6.40

எங்கள் ஒழுங்கை முனையில் விறகுப் போறணை வைத்த பேக்கரி. விடியற்காலை நாலரைக்குப் போனேன். முதல் பாண் இறக்கியாகிவிட்டது. முதலாளி கத்தியைப் பார்த்தார், இரும்புச் சட்டத்தோடு கட்டிக்கிடந்த வாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பாண் தட்டில் மணல் நிரப்பி அதற்குள் புதைத்துக் கொண்டுபோயிருந்தேன், சூடு ஒரே சீராக ஏற வேண்டும் என்று. கேக் சுடுபவர் ஒருவரிடம் இரவல் வாங்கிய வெப்பமானியும் கூட. உள்ளே 210 காட்டியது. கதவுப் பக்கம் இழுத்து வைத்ததும் 200.

இரண்டு மணிநேரம் பிளேன்டீ குடித்துக்கொண்டு அங்கேயே இருந்தேன். எடுத்து ஆறவிட்டு மறுபடி வைக்கும்போது, அரத்தாளால் சுரண்டி வெளுப்பாக்கிய இடத்தில் வைக்கோல் நிறம் பிடித்திருந்தது. வெளிர் வைக்கோல், இன்னும் அரை நிழல் ஏறினால் தேன் என்று சொல்லலாம். அந்த நிறத்துக்கு மேல் விடாதே என்று பிற்றர் ஐயா தனியாக எழுதியதால் கதவை இன்னும் திறந்துவிட்டேன்.

கட்டவிழ்த்ததும் வாள் நேராக இருந்தது. முற்றாக நேர் என்று சொல்லமாட்டேன். ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் நுனியில் ஒரு சிறு சாய்வு. முதலாளி காசு வாங்கவில்லை; பாண் வெட்ட ஒரு கத்தி வேண்டுமாம்.

பழைய பிற்றர் · ஜூலை 6, இரவு 8.00

நன்று. இனிமேல்தான் கவனம். இப்போது மறுபடி சீவப் போகிறீர்கள். கிரைண்டரில் ஒரு விநாடி அழுத்தம் கூடினால் வாயில் நீலம் ஓடும். நீலம் 300 பாகைக்குப் பக்கம். அந்த இடம் மறுபடி வில்லாகிவிடும், போறணையில் இருந்த அவ்வளவு நேரமும் வீண். வெறுங்கையால் பிடியுங்கள். உங்கள் விரலுக்குச் சுட்டால் தண்ணீர். கையுறை போட்டால் சூடு தெரியாது, சுழலும் தட்டில் சிக்கவும் கூடும். கடைசி அரை மில்லிமீற்றரை நனைத்த அரத்தாளில் கையாலேயே எடுத்துவிடுங்கள். மீன் கத்திக்கு வாய்க்குப் பின்னால் 0.3 மில்லிமீற்றர் போதும்.

உவர்மலையான் · ஜூலை 15, இரவு 9.15

பிடி போட்டாயிற்று. ஆனால் இரண்டு கையிலும் முழங்கைவரை சொறி. முதிரை அராவியதில் இருந்துதான். யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா?

உலைமூக்கு · ஜூலை 15, இரவு 9.40

முதிரைத் தூள் சிலருக்கு ஒத்துவராது. தச்சு ஆசாரிமார் பலருக்கு இந்தத் தொல்லை. நனைத்து அராவுங்கள், முழுக்கைச் சட்டை போடுங்கள். அல்லது பாலையோ வேம்போ போடுங்கள். பனை வைரமும் அழகு, ஆனால் சிராய் ஏறினால் ஒரு கிழமை கதைக்க முடியாது.

உவர்மலையான் · ஜூலை 16, காலை 6.30

பட்டைவாளுக்கு வேம்பு. பித்தளைத் தறையாணி மூன்று, எப்பொக்சிப் பசை, வார்னிஷ் இல்லை, ஆளிவிதை எண்ணெய் மட்டும். அக்கா சொன்ன செதிள் இடைவெளியைப் பசையால் அடைத்துச் சமப்படுத்திவிட்டேன். இன்று கடலூருக்கு அனுப்புகிறேன்.

கடலூர்க்காரி · ஜூலை 26, இரவு 7.20

பத்து நாள் பாவித்த பிறகு எழுதலாம் என்று பொறுத்திருந்தேன்.

சூரை கிழிப்பதற்கு நல்லது. முதுகோரம் வைத்து இழுத்தால் முள்ளை உரசிக்கொண்டு போகிற சத்தம் விரலுக்குக் கேட்கிறது. சதை முள்ளில் தங்கவில்லை. இரண்டு நாளைக்கு ஒரு தடவை கல்லில் நாலு இழுப்பு. நுனிச் சாய்வு எனக்குத் தொந்தரவில்லை, என் தங்கை இடக்கைக்காரி, அவளுக்குத் தொந்தரவு.

துருதான் நான் பயந்தது. முதல் இரவு உப்புத் தண்ணீரோடு வாளியில் விட்டுவிட்டேன், காலையில் செம்புள்ளி. பிறகு கொதிக்கக் கொதிக்கக் கடும் சாயத் தேநீரில் ஊறப்போடச் சொல்லி ஒருவர் சொன்னார். சாம்பல் கறுப்பாக மாறிவிட்டது, அதன் பிறகு புள்ளி விழுவது குறைவு. நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தொட்டு வைக்கிறேன்.

பிடி இன்னும் ஒரு விரல் நீளம் வேண்டும். அடுத்ததற்கு என்ன விலை?

உவர்மலையான் · ஜூலை 26, இரவு 8.10

விலை யோசிக்கவில்லை அக்கா. கரிக்கும் அரத்தாளுக்கும் புதுத் தலைமுடி உலர்த்திக்கும் கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.

வில்தகட்டுக் கத்தியை ஒரு கிழமைக்கு முன்பு உலைமூக்கு வழியாக அவருடைய அப்பாவுக்குப் பார்க்கக் கொடுத்திருந்தேன். சித்தப்பா தினமும் கேட்கிறார். தம்பி, அது எங்கே?

உலைமூக்கு · ஜூலை 27, காலை 6.10

அப்பா அதில் பாக்குச் சீவிக்கொண்டிருக்கிறார். கேட்டால், இன்னும் சோதிக்கவில்லை என்கிறார். வெள்ளிக்கிழமை திருகோணமலைக்கு வரும்போது எப்படியாவது கொண்டுவரப் பார்க்கிறேன்.